வயிற்றுக்குள் வாழும் அயலார்



சென்ற இதழில் குடிநீரைக் காய்ச்சிப் பருக வேண்டியதன் இன்றியமையாமை பற்றி இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதனைப் படித்த அன்பர் ஒருவர், சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் வாயிலில் செருப்பைத் தேடிக் கொண்டிருந்த வேளையில் என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். “கிருமிகளால்தான் நோய் வருகிறது என்கிறீர். அப்படியானால் வயிற்றில் உள்ள கிருமிகள் அனைத்தையும் ஒரே மூச்சில் கொன்று தீர்க்கும் மருந்தை மாதத்திற்கு ஒரு முறை சாப்பிட்டுவிட்டால் தொல்லை ஒழிந்ததல்லவா?” என்றார்.

நான் பத்தாம் வகுப்புத் தேறியதும் வேலை தேடி இவ்வூருக்கு வந்தவன். ரயில்வே பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தா. வைத்தியன் அல்லேன். எனினும் இக்கேள்விக்கு விடை தேடிப் படிக்க வேண்டிய கட்டாயம் எனக்கு முன்பே ஏற்பட்டிருந்தது. ஏனெனில், அன்பர் வாயால் கேட்டதை நான் கையால் செய்து பார்த்துவிட்டவன். அந்தக் கதையைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் ஊர்க்கதை.

2025-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். புனே நகரின் தென்மேற்கே சிங்ககட் சாலையை ஒட்டிய கிர்கட்வாடி, நாந்தேட், தாயரி முதலிய பகுதிகளில் மக்கள் திடீரென்று கைகால் வலுவிழந்து மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். (இங்கே நாந்தேட் என்பது நம் ஊரை அடுத்த சிற்றூர், குரு கோவிந்த் சிங் குருத்துவாரா உள்ள நாந்தேட் நகரம் அன்று.) ஓரிரு மாதங்களுக்குள் 200-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். சிலர் மூச்சு விடவும் இயலாமல் செயற்கைச் சுவாசக் கருவியின் துணையால் உயிர் தரித்தனர். சிலர் இறந்தும் போயினர். கில்லன்-பாரே என்னும் வாயில் நுழையாத பெயரை அம்மாதத்தில் குழந்தைகளும் கற்றுக்கொண்டன. அப்பெயர், 1916-இல் இந்நோயைப் பற்றி எழுதிய பிரெஞ்சு மருத்துவர் இருவருடையது.

நோயாளிகளின் மலத்தைச் சோதித்தபோது, பலரிடத்தில் காம்பைலோபாக்டர் ஜெஜுனி என்னும் பாக்டீரியா காணப்பட்டது. அசுத்த நீரிலும் நன்கு வேகாத கோழி இறைச்சியிலும் இருந்து வயிற்றுக்குள் புகுவது அது. வயிற்றுப்போக்கை உண்டாக்குவதே அதன் வழக்கமான வேலை. நரம்பின் பக்கம் அது போவதே இல்லை. அவ்வாறாயின் கைகால் விழுந்தது எதனால்?

இங்கேதான் வியப்பு இருக்கிறது. நம் உடலில் நோயெதிர்ப்பு ஆற்றல் என்று ஒன்று உண்டு. அதனைக் காவற்படை என்று வைத்துக்கொள்வோம். இப்படை, புகுந்த கிருமியின் மேற்பூச்சை அடையாளம் கண்டு, அதனைப் பிடிப்பதற்கென்று எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. காம்பைலோபாக்டர் இனத்தில் சில வகைகளின் மேற்பூச்சு, நம் நரம்புகளின் மேல் இருக்கும் ஒரு பொருளை அப்படியே ஒத்திருக்கிறது. கிருமியைப் பிடிக்கக் கிளம்பிய எதிர்ப்பொருள், உருவ ஒற்றுமையால் ஏமாந்து நரம்பைப் பற்றிக்கொள்கிறது. ஜப்பானிய மருத்துவர்கள் முயலின் உடலில் இந்த உண்மையைச் சோதித்து 2004-இல் நிலைநாட்டினர். கள்ளனைத் துரத்தி வந்த காவலன், அதே நிறச் சட்டை போட்ட வீட்டுக்காரனை அடித்த கதை இது. நல்ல வேளையாக, இக்கிருமியால் வயிற்றுப்போக்கு உற்றவர்களில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கே இந்த விபரீதம் நேர்வதாகக் கணக்கிட்டிருக்கின்றனர். நோயுற்றோரிலும் பெரும்பாலோர் வாரங்களிலோ மாதங்களிலோ தேறி நடக்கின்றனர்.

வயிற்றில் புகுந்த ஒரு கிருமி, வயிற்றோடு நில்லாமல் உடல் முழுவதும் உள்ள காவற்படையின் போக்கையே மாற்றிவிடக்கூடும் என்பது இதனால் விளங்குகிறது. ஒரு நாள் வந்து போகும் கிருமிக்கே இவ்வளவு செல்வாக்கு என்றால், பிறந்த நாள் தொட்டு நம் குடலிலேயே குடியிருக்கும் கிருமிகளுக்கு எவ்வளவு செல்வாக்கு இருக்க வேண்டும்?

ஆம், குடியிருக்கும் கிருமிகள் என்றுதான் சொன்னேன். நம் உடலில் வாழும் பாக்டீரியாக்களின் தொகை ஏறத்தாழ 38 லட்சம் கோடி என்று இஸ்ரேல் நாட்டின் வைஸ்மன் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தோர் 2016-இல் மதிப்பிட்டனர். நம் சொந்த உயிரணுக்களோ ஏறத்தாழ 30 லட்சம் கோடி. எல்லாக் கிருமிகளையும் திரட்டித் தராசில் வைத்தால் 200 கிராம் அளவே தேறும். இவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. நம் காவற்படையின் பெரும் பகுதியும் அங்கேயே, குடற்சுவரை ஒட்டியே பாளையம் இறங்கியிருக்கிறது. நடுவே இருப்பது மெல்லிய சளிப்படலமும், ஒற்றை வரிசையாக அமைந்த உயிரணுக்களும் மட்டுமே.

இவ்வளவு அருகில் இவ்வளவு கிருமிகள் இருந்தும் காவற்படை ஏன் ஓயாமல் போர் தொடுப்பதில்லை? எங்கள் ரயில் நிலையத்தில் நாள்தோறும் காணும் காட்சி ஒன்றைச் சொன்னால் இது எளிதில் விளங்கும். லோணாவளா லோக்கல் வந்து நின்றதும் ஆயிரக்கணக்கானோர் இறங்குகின்றனர். வாயிலில் நிற்கும் டிக்கெட் பரிசோதகர் ஒவ்வொருவரையும் நிறுத்துவதில்லை. பல்லாண்டாகச் சீசன் டிக்கெட்டில் வந்து போவோரின் முகம் அவருக்குத் தெரியும். புது முகத்தையே அவர் கண் தேடும். ஆனால் புதிதாக வேலையில் சேர்ந்தவருக்கு இந்தப் பழக்கம் உடனே வந்துவிடாது. அவர் நல்லவரை நிறுத்துவார், கள்ளனை விட்டுவிடுவார். கூட்டத்தைப் பார்த்துப் பார்த்தே அவர் தேர்ச்சி பெற வேண்டும்.

குழந்தையின் காவற்படை அந்தப் புதிய பரிசோதகரை ஒத்தது. குழந்தை பிறக்கும்போதே தாயின் உடலிலிருந்து முதற் கிருமிகளைப் பெறுகிறது. அறுவைச் சிகிச்சையால் பிறந்த குழந்தைகளுக்கு இவற்றுள் சில வகைகள் தொடக்கத்தில் குறைவாகவே கிடைக்கின்றன. பின்னர் வருவது தாய்ப்பால். தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்க இயலாத ஒருவகைச் சர்க்கரைப் பொருள்கள் உண்டு. குழந்தைக்குப் பயன்படாத உணவை இயற்கை ஏன் பாலில் வைத்தது என்று விஞ்ஞானிகள் நெடுநாள் திகைத்தனர். அது குழந்தைக்கன்று, குழந்தையின் குடலில் உள்ள பிஃபிடோபாக்டீரியா என்னும் நற்கிருமிகளுக்கு வைத்த உணவு என்று பின்னர்த் தெளிந்தனர். வீட்டுக்கு வந்த விருந்தினருக்கும் சேர்த்து உலை வைக்கும் தாய்மையை இங்கே காண்கிறோம்.

கிருமியே இல்லாமல் வளர்ந்தால் என்ன ஆகும்? இதனையும் சோதித்துப் பார்த்திருக்கின்றனர். காற்று, உணவு, நீர் அனைத்தையும் கிருமி நீக்கிக் கொடுத்து, கண்ணாடிக் கூண்டில் எலிகளை வளர்த்தனர். அவற்றின் குடலில் காவற்படையின் பாளையங்கள் சரிவர வளரவே இல்லை. ஜப்பானில் கென்யா ஹோண்டா என்பவரும் அவர்தம் குழுவினரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், குளோஸ்ட்ரிடியம் இனத்தைச் சார்ந்த சில குடற்கிருமிகளை எலிகளுக்குக் கொடுத்தபோது, காவற்படையில் ‘பொறு, அடிக்காதே’ என்று தடுத்து அடக்கும் அணுக்கள் பெருகியதைக் கண்டனர். அடிக்கும் வீரன் எவ்வளவு வேண்டுமோ, அடக்கும் தலைவனும் அவ்வளவு வேண்டும். அடக்குவோர் குறைந்த இடத்தில்தான் குடலழற்சி, ஒவ்வாமை போன்ற நோய்கள் தலையெடுக்கின்றன.

இந்த வேலையைக் கிருமிகள் எதைக் கொண்டு செய்கின்றன? நாம் உண்ணும் கீரை, பயறு, தவிடு நீக்காத தானியம் ஆகியவற்றில் நமக்குச் செரியாத நார்ப்பொருள் இருக்கிறது. அது பெருங்குடலை அடைந்ததும் கிருமிகள் அதனைப் புளிக்கவைத்துச் சில அமிலங்களை உண்டாக்குகின்றன. பியூட்டிரிக் அமிலம் அவற்றுள் ஒன்று. பெருங்குடலின் உட்சுவர் அணுக்களுக்கு அதுவே முக்கிய உணவு. காவற்படையின் அடக்கும் அணுக்கள் பெருகவும் அது துணை செய்கிறது. நார்ப்பொருள் கிடைக்காமல் பட்டினி போட்ட எலிகளின் குடலில், சில கிருமிகள் குடற்சுவரின் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கியதை 2016-இல் கண்டறிந்தனர். கூலி கொடாத வீட்டில் வேலையாள் சுவரைப் பெயர்த்து விற்பது போன்றது இது.

குடியிருப்போர் செய்யும் மற்றோர் உதவியும் உண்டு. இருக்கைகள் நிரம்பிய பெட்டியில் புதியவர் ஏறி உட்கார இயலாது. அதுபோல, குடலில் இடத்தையும் உணவையும் நற்கிருமிகள் பற்றிக்கொண்டிருக்கும்போது, வெளியிலிருந்து வரும் தீய கிருமி வேரூன்றுவது கடினம். பெட்டியைக் காலி செய்து கொடுத்தால் யார் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம்.

இனி என் கதையைச் சொல்கிறேன். அதே 2025 ஜனவரியில் ஆறு வயதான என் மகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாயிற்று. ஊரெங்கும் அச்சம். என் அலுவலக நண்பர் ஒருவரின் குடியிருப்பில் அப்போதுதான் ஒருவரை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றிருந்தனர். நான் இரவெல்லாம் குழந்தையின் காலைத் தொட்டுத் தொட்டு, “விரலை அசை, அம்மா” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். விடிந்ததும் வைத்தியரிடம் செல்லாமல், முன்பு எனக்குத் தொண்டை வலிக்காக வாங்கி மீந்திருந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளைப் பாதியாக உடைத்து அவளுக்குக் கொடுத்தேன். எல்லாக் கிருமியும் சாகட்டும் என்பதே என் எண்ணம். என் தாயார் தடுத்தார். “டேய், உனக்குக் குடுத்த மருந்தைக் குழந்தைக்குக் குடுக்கறியே, டாக்டர் கிட்டப் போடா” என்றார். நான் கேட்கவில்லை.

இரண்டு நாளில் நின்றிருக்க வேண்டிய பேதி பத்து நாள் நீடித்தது. குழந்தை வாடிய கீரைபோல் ஆகிவிட்டாள். இறுதியில் குழந்தை வைத்தியரிடம் கொண்டு சென்றேன். அவர் என்னைக் கடிந்து பேசவில்லை. மீந்த மாத்திரைகளின் அட்டையை மட்டும் கேட்டு வாங்கிப் பார்த்தார். “முதலில் வந்தது தானே அடங்கியிருக்கும். பிறகு நீடித்தது இந்த மாத்திரையாலும் இருக்கலாம். நல்லதையும் சேர்த்துக் கொன்றுவிட்டீர்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுங்கள், வழக்கமான உணவைக் கொடுங்கள், பொறுத்திருங்கள். காலில் தளர்ச்சி தெரிந்தால் நள்ளிரவானாலும் வாருங்கள்” என்றார். கடவுள் அருளால் தளர்ச்சி ஏதும் வரவில்லை. ஆனால் அந்தப் பத்து நாள் என் கையால் வந்தது என்பதை நான் மறக்கவில்லை. கூட்டத்தில் கேள்வி கேட்ட அன்பருக்கு இதுவே என் முதல் விடை.

கிருமிக்கொல்லி மருந்துகளை நான் இகழ்வதாக எவரும் எண்ண வேண்டா. 1954-இல் நம் பிம்பிரியில் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் தொழிற்சாலையில் பெனிசிலின் உற்பத்தியானபோது, அது காத்த உயிர்கள் எண்ணிறந்தவை. நிமோனியாவும் டைபாய்டும் கண்ட வீட்டில் கிருமிக்கொல்லி மருந்தே தெய்வம். வேண்டாத இடத்தில் அதனைக் கையாளுவதே தீது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில், கைக்குழந்தைகளுக்குக் கிருமிக்கொல்லி எழுதிக் கொடுப்பதை மருத்துவர்கள் குறைத்துக்கொண்டே வந்தனர். 2000-க்கும் 2014-க்கும் இடையே அங்குச் சிறு குழந்தைகளிடையே புதிதாக ஆஸ்துமா தோன்றுவது 26 விழுக்காடு குறைந்தது. குறைந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று அறுதியிட இயலாது. ஆயினும் குழந்தைகளின் குடற்கிருமிகளையும் ஆராய்ந்த அறிஞர்கள் இரண்டிற்கும் தொடர்பு உண்டென்றே கருதுகின்றனர்.

நம் நாட்டிலேயே நடந்த நற்செய்திகளும் உண்டு. ஒடிசாவின் கிராமங்களில், பிறந்து சில நாளே ஆன 4,500-க்கும் மேற்பட்ட குழந்தைகளை இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினருக்கு லாக்டோபாசில்லஸ் பிளாண்டாரம் என்னும் நற்கிருமியையும் அதற்குரிய உணவையும் ஏழு நாள் புகட்டினர். மற்றவருக்கு வெறும் மாப்பொருள். முதற் பிரிவில் இரத்தத்தில் நஞ்சேறும் நோயோ இறப்போ நேர்ந்தது நூற்றுக்கு 5.4, மற்றதில் 9. டாக்டர் பினாகி பாணிகிராஹியின் குழுவினர் 2017-இல் வெளியிட்ட இவ்வாய்வு உலகையே திரும்பிப் பார்க்கச் செய்தது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராமகிருஷ்ணா முதலியோர் 2000-இல் வெளியிட்டது இன்னொன்று. காலரா நோயாளிகளுக்குக் கொடுக்கும் உப்பு நீரில், எளிதில் செரியாத ஒருவகை மாவைக் கலந்து கொடுத்தனர். அம்மாவு பெருங்குடலை அடைந்து, அங்குள்ள கிருமிகளால் அமிலமாக மாற்றப்பட்டது. அவ்வமிலம் உப்பையும் நீரையும் உடல் திரும்ப உறிஞ்சத் துணை செய்தது. பேதி விரைவில் அடங்கிற்று. கிருமியால் வந்த நோயைத் தணிக்கக் கிருமியையே துணைக்கு அழைத்தனர் எனலாம்.

இவற்றையெல்லாம் படித்தபோது, ஊர் விட்டு ஊர் வந்த நம்மைப் போன்றோரைப் பற்றி ஏதேனும் உண்டோ என்று தேடினேன். உண்டு. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் குடியேறிய ஹ்மோங், கரென் மக்களை ஆராய்ந்து 2018-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. குடியேறிய சில மாதங்களிலேயே அவர்கள் குடலில் இருந்த தாய்நாட்டுக் கிருமி வகைகள் மறையத் தொடங்கின. நார்ப்பொருளைச் சிதைக்கும் ஆற்றலும் உடன் மறைந்தது. ஆண்டுகள் கூடக் கூட இழப்பும் கூடிற்று. அங்கேயே பிறந்த பிள்ளைகளிடத்தில் இழப்பு இன்னும் மிகுதி. உடற்பருமன் உற்றோரிடமும் அவ்வாறே.

இதைப் படித்ததும் எனக்கு நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நினைவுக்கு வந்தது. முதல் தலைமுறை பேசுகிறது. இரண்டாம் தலைமுறை புரிந்துகொள்கிறது. மூன்றாவது தலைமுறை மறந்துவிடுகிறது என்று நாம் வருந்துவதில்லையா? மொழிக்கு நேர்வது குடலுக்கும் நேர்கிறது.

நாம் சென்றது அமெரிக்கா அன்று, மராட்டிய மண்தான். ஆயினும் இந்தியாவுக்குள்ளேயே இடத்துக்கு இடம் வேறுபாடு உண்டு. போபாலில் உள்ள அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனத்தார் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், போபால் பக்கத்தாரையும் கேரளத்தாரையுமாக 110 பேரைச் சோதித்தனர். தானியமும் காய்கறியும் மிகுதியாக உண்ணும் போபால் பக்கத்தாரிடம் பிரெவோட்டெல்லா என்னும் கிருமி மேலோங்கியிருந்தது. அரிசியோடு மீனும் இறைச்சியும் உண்ணும் கேரளத்தாரிடம் குடியிருப்பின் அமைப்பே வேறாக இருந்தது. நம் புனேயிலும், கணேஷ்கிண்டில் உள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்தாரும் அகர்க்கர் ஆய்வு நிலையத்தாரும் சேர்ந்து, மூன்று தலைமுறை ஒன்றாக வாழும் கூட்டுக் குடும்பத்தினரின் குடற்கிருமிகளை ஒப்பிட்டு 2012-இல் எழுதினர். சிறிய ஆய்வுதான். ஒரே அடுப்பில் சமைத்ததை உண்டாலும் வயதுக்கு வயது கிருமிகளின் விகிதம் மாறுவதை அதில் காட்டினர்.

இனி, இல்லத்தரசியார் கேட்கும் கேள்விக்கு வருவோம். என்ன சமைப்பது? என்ன உண்பது?

பழைய சோற்றைப் பற்றி என் தாயார் கொண்டுள்ள பெருமிதம் சொல்லி முடியாது. தஞ்சை மாவட்டத்துக் கிராமத்தில் நீராகாரம் குடித்து வளர்ந்தவர் அவர். சோறு ஆறும்போது அதன் மாப்பொருளில் ஒரு பகுதி எளிதில் செரியாத வகையாக மாறுவது உண்மை. இரவு முழுதும் ஊறும்போது அதில் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் கிருமிகள் பெருகுவதும் உண்மை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் நோயாளர்க்கு இது பயன்படுமா என்று ஆராயவும் முற்பட்டிருக்கின்றனர். ஆனால், பழைய சோறு உண்டால் இன்ன நோய் தீரும் என்று எழுத என் பேனா துணியாது. உணவு வேறு, மருந்து வேறு.

மற்றொன்றையும் நாம் மறக்கலாகாது. சோற்றில் ஊற்றுகிற நீர் எத்தகையது? கிர்கட்வாடியில் குழாயில் வந்த நீரை நம்பித்தானே மக்கள் குடித்தனர்? அத்தகைய நீரை ஊற்றி இரவெல்லாம் வைத்தால், நற்கிருமியோடு எமனும் ஊறுவான். இதை என் தாயாரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். சொன்னதும் அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, “சரி, காய்ச்சி ஆற வெச்ச தண்ணியை ஊத்தறேன். கிணத்துத் தண்ணிதான் ஒசத்தின்னு நான் என்ன எழுதியா குடுத்திருக்கேன்?” என்றார். கொதிக்கவைத்து ஆறிய நீர், சுத்தமான பாத்திரம், மூடி, மறுநாள் காலையிலேயே உண்டு முடித்தல் என்ற நான்கு விதிகளை அன்று முதல் எங்கள் வீட்டில் கைக்கொண்டோம். கோடையில் மீந்ததை மாலை வரை வைப்பதில்லை.

இட்டிலியிலும் ஒரு மயக்கம் உண்டு. மாவைப் பொங்கவைப்பவை உளுந்தோடு வரும் லியூகோனோஸ்டாக் முதலிய கிருமிகள். மார்கழிக் குளிரில் புனேயில் அவை சோம்பிக் கிடப்பதால்தான் நாம் மாவுப் பாத்திரத்தைக் கம்பளியால் போர்த்துகிறோம். ஆனால் இட்டிலியை ஆவியில் வேகவைத்தவுடன் அவை மடிந்துவிடுகின்றன. இட்டிலி எளிதில் செரிக்கும் நல்ல உணவு. உயிருள்ள கிருமியை எதிர்பார்த்து அதனை உண்ண வேண்டா. உயிருள்ளவை தயிரிலும் மோரிலும் கிடைக்கும். 1908-இல் நோபல் பரிசு பெற்ற மெச்னிகாஃப் என்ற அறிஞர் பல்கேரிய நாட்டுத் தயிரைப் போற்றியது பெயர் பெற்ற செய்தி. நம் வீட்டு மோருக்கும் நம் மராட்டிய அண்டை வீட்டார் சாப்பாட்டோடு கொடுக்கும் தாக் என்பதற்கும் பெயரில்தான் வேற்றுமை.

எனக்குத் தோன்றுவது இதுதான். நாம் இவ்வூருக்கு வந்து இழந்தது பழைய சோற்றை மட்டும் அன்று. நம் பாட்டன்மார் உண்ட சோளத்தையும் கம்பையும் கேழ்வரகையும் ஊரிலேயே விட்டுவிட்டு, வெள்ளை அரிசியை மட்டும் கட்டிக்கொண்டு ரயிலேறினோம். இங்கே வந்து பார்த்தால் நம் பாட்டன் சோளம் பக்கத்து வீட்டில் பாக்ரியாக இருக்கிறது. முளை கட்டிய நரிப்பயற்றை மட்கி உசள் என்று அவர்கள் நாள்தோறும் சமைக்கின்றனர். நார்ப்பொருளுக்கு இவற்றைவிட வேறு என்ன வேண்டும்? நாமோ நம் பிள்ளைகளின் டிபன் டப்பாவில் மைதா ரொட்டியும் பிஸ்கோத்தும் வைத்து அனுப்புகிறோம். நமதும் இல்லை, அவர்களதும் இல்லை.

சில எச்சரிக்கைகளைச் சொல்லி முடிக்கிறேன். நற்கிருமி அடைத்தது என்று புட்டியிலும் பொட்டலத்திலும் விற்பவை அனைத்தும் ஒடிசாவில் சோதித்த கிருமி ஆகா; கிருமிக்குக் கிருமி குணம் வேறு. அவை அனைத்து நோயையும் தீர்க்கும் என்பார் பேச்சை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள். குழந்தைக்குப் பேதி கண்டால் உப்புச் சர்க்கரைக் கரைசலை உடனே தொடங்குங்கள். மலத்தில் இரத்தம், ஓயாத காய்ச்சல், சிறுநீர் குறைதல் ஆகியன கண்டால் தாமதியாமல் வைத்தியரை நாடுங்கள். பேதி நின்று ஒரு சில வாரத்திற்குள் கைகாலில் மதமதப்போ தளர்ச்சியோ தோன்றினால், நாளைக்குப் பார்ப்போம் என்று இராமல் பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வைத்தியர் எழுதிய கிருமிக்கொல்லியை அவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை உண்ணுங்கள். மீந்ததைப் பத்திரப்படுத்தாதீர்கள்.

என் வீட்டு அலமாரியில் இப்போது மீந்த மாத்திரை ஏதும் இல்லை. என் மகள் பள்ளிக்குச் செல்லும் முன் ஒரு குவளை நீராகாரம் குடிக்கிறாள். வகுப்புத் தோழியர் கேலி செய்வர் என்று முதலில் மறுத்தாள். அவளுடைய மராட்டியத் தோழி ஒருத்தி அதனைக் குடித்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் கேட்டாள். அதன் பிறகு எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அந்தத் தோழியின் வீட்டிலிருந்து வாரம் ஒரு நாள் எங்களுக்குச் சோள பாக்ரி வருகிறது.

 மற்ற அன்பர்களும் தங்கள் ஐயங்களைச் சங்க அலுவலகத்தில் உள்ள பெட்டியில் எழுதிப் போடலாம். அறிந்தவரை விடை காண முயல்வேன். அடுத்த இதழில் சந்திப்போம்.